புள்ளி நின்ற இடம்

கையில் வாங்கிப் பாருங்கள். பயப்பட வேண்டாம், கீழே விழுந்தாலும் ஒன்றும் ஆகாது. கடலுக்கு அடியில் போய்வந்த வாட்ச் அது. விளம்பரத்தில் போட்டோ கொஞ்சம் இருட்டாக விழுந்துவிட்டது. நேரில் பளிச்சென்று இருக்கிறது, இல்லையா? உங்களைத் திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறி வரவைத்துவிட்டு ஏமாற்ற மாட்டேன். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இப்படி ஜன்னல் பக்கம் உட்காருங்கள். தூத்துக்குடி வெயில் உங்கள் ஊர் வெயில் மாதிரி இல்லை, உடம்பில் ஒட்டிக்கொள்ளும்.

கண்ணாடியைச் சுற்றிப் பல் பல்லாக ஒரு வளையம் இருக்கிறதே, அதைத் திருப்பிப் பாருங்கள். அப்படி அல்ல, இடப்பக்கமாக. கேட்கிறதா? கிட், கிட், கிட். ஒவ்வொரு பல்லாக விழுகிறது. கடைக்காரர்கள் பெசல் என்பார்கள். நான் வளையம் என்றே சொல்கிறேன். அதில் பச்சையாக ஒரு புள்ளி இருக்கிறது பாருங்கள். திருப்பிப் பார்த்தாயிற்று என்றால் அதைப் பன்னிரண்டுக்கு நேரே கொண்டுவந்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான். நன்றி.

யாருடையது, யார் பழுது பார்த்தது, ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். எனக்கு எதையும் வரிசையாகச் சொல்லித்தான் பழக்கம். பாதியிலிருந்து ஆரம்பித்தால் எனக்கே குழம்பிவிடும்.

பழுது பார்த்தது நான்தான். இதே மேசையில். கடலுக்குப் போவதை விட்ட பிறகு கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்து வாட்ச் வேலை கற்றுக்கொண்டேன். உள் இயந்திரத்தைத் தொட மாட்டேன், அது படித்துச் செய்கிற வேலை. கண்ணாடி மாற்றுவது, வார் மாற்றுவது, இந்த வளையத்தைக் கழற்றிச் சுத்தம் செய்வது, இவ்வளவுதான் என் எல்லை.

வளையத்தை வீட்டில் கழற்றுவது மந்திரம் ஒன்றும் இல்லை. பொறுமை இருந்தால் போதும். முதலில் வாட்சின் உடம்பைச் சுற்றிக் காகித டேப்பை ஒட்டிவிட வேண்டும். கத்தி வழுக்கினால் கீறல் டேப்பில் விழும், வாட்சில் விழாது. பிறகு மெல்லிய கத்தி. நான் பழம் நறுக்குகிற கத்தி ஒன்றைத் தேய்த்து வைத்திருக்கிறேன். வளையத்துக்கும் உடம்புக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். அதில் நுனியை மட்டும் விட்டு லேசாக ஒரு திருகு. அதே இடத்தில் நின்று நெம்பக் கூடாது, வளையம் கோணிப்போகும். கொஞ்சம் தள்ளி ஒரு திருகு, இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு திருகு. தூங்குகிற குழந்தைக்கு அடியிலிருந்து விரிப்பை உருவுகிற மாதிரி, எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக. சுற்றி வருவதற்குள் டக்கென்று தானே எழும்பும். உடனே உள்ளங்கையால் மூடிக்கொள்ள வேண்டும். உள்ளே தலைமுடி மாதிரி ஒரு கம்பி ஸ்பிரிங் இருக்கிறது. அது பறந்தால் கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேட வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. எதைப் பிரித்தாலும் பிரிப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துவிட வேண்டும். மிக்ஸியானாலும் சரி, மின்விசிறியானாலும் சரி. எது எங்கே இருந்தது என்று தெரிந்தால்தானே திரும்ப அங்கே வைக்க முடியும். என் போனைத் திறந்தால் மனிதர்கள் முகமே இருக்காது, வெறும் திருகாணிகள்தான் என்று என் தம்பி மகள் பிரிஸ்கா கேலி செய்வாள். செய்வாள் என்ன, செய்துகொண்டிருந்தாள்.

வாட்ச் அவளுடைய அப்பாவுடையது. என் தம்பி இஞ்ஞாசி. இறந்துபோனான்.

உட்காருங்கள், உட்காருங்கள். இறந்தவன் வாட்ச் என்றதும் எழுந்துவிட்டீர்கள். பழைய வாட்ச் எதை வாங்கினாலும் யாரோ கட்டியதுதான். அந்த யாரோவைப் பற்றிக் கடையில் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன், அதுதான் வித்தியாசம். தண்ணீர் குடியுங்கள்.

அவனுக்குச் சங்கு குளிக்கிற வேலை. கடலுக்கு அடியில் போய் மணலில் கிடக்கிற சங்கைப் பொறுக்கி வருவது. முன்பெல்லாம் மூச்சை அடக்கிக்கொண்டு குதிப்பார்கள். எங்கள் படகில் ஒரு கம்ப்ரசர் இருந்தது. அது காற்றை அடித்து அனுப்பும். நீளக் குழாய் ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டு அவன் இறங்குவான். இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறுநுனி மேலே படகில் இருப்பவன் கையில். அந்த மேலே இருப்பவன் நான். வேறு ஆள் கிடையாது. அண்ணன் மேலே, தம்பி கீழே. வெளியாளை நம்பி எவன் கடலுக்கு அடியில் போவான்?

கீழே இருப்பவனோடு பேச முடியாது. கயிறுதான் பேச்சு. நான் மேலேயிருந்து ஒரு சுண்டு சுண்டுவேன். நன்றாக இருக்கிறாயா என்று அர்த்தம். அவன் கீழேயிருந்து இரண்டு சுண்டு சுண்டுவான். நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு வரவில்லை என்றால் யோசிக்கவே கூடாது, இழுத்துவிட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சுண்ட வேண்டும் என்பது எங்களுக்குள் கணக்கு. அவன் கேலியாகச் சொல்வான், நீ சுண்டுவது உங்கம்மா பள்ளிக்கூடத்துக்கு எழுப்புகிற மாதிரி இருக்கிறது என்று. உங்கம்மா என்பான், ஏதோ அவனுக்கு வேறு அம்மா இருந்த மாதிரி.

இந்த வாட்ச் குவைத்திலிருந்து வந்த ஒருவரிடம் அவன் ஆசைப்பட்டு வாங்கியது. வளையம் எதற்கு என்றால், இறங்குவதற்கு முன் நீள முள் எங்கே இருக்கிறதோ அதற்கு நேரே இந்தப் பச்சைப் புள்ளியைத் திருப்பி வைத்துவிட வேண்டும். அப்புறம் கீழே எப்போது பார்த்தாலும், புள்ளியிலிருந்து முள் எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ அவ்வளவு நேரம் நீங்கள் தண்ணீரில் இருந்திருக்கிறீர்கள். வளையம் ஒரு பக்கமாக மட்டும்தான் திரும்பும். அதற்கும் காரணம் இருக்கிறது. தெரியாமல் பாறையில் இடித்து நகர்ந்தாலும், இறங்கி அதிக நேரம் ஆயிற்று என்றுதான் காட்டும். குறைத்துக் காட்டவே காட்டாது. செய்தவன் கெட்டிக்காரன். பொய் சொன்னாலும் உயிருக்கு நல்லதாகச் சொல்லட்டும் என்று நினைத்திருக்கிறான்.

இஞ்ஞாசி அதில் மட்டும் ஒழுங்கு. கால் தண்ணீரில் படும்முன் புள்ளியைத் திருப்பாமல் இறங்கியதே இல்லை. சிலுவைக் குறி போடுவான், புள்ளியைத் திருப்புவான், குழாயைக் கடிப்பான், போய்விடுவான்.

அன்றைக்கும் அப்படித்தான் போனான். கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி இருந்தது. முந்தின நாள் ஒரு கல்யாண வீடு, நான் படுக்கவே இல்லை. அவன் சீக்கிரம் போய்த் தூங்கிவிட்டான், கீழே போகிறவன் தூங்கித்தான் ஆக வேண்டும். மேலே இருப்பவனுக்கு என்ன? தார்ப்பாய் நிழலில் சாய்ந்துகொண்டு கயிற்றைக் காலில் சுற்றிக்கொண்டேன். வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. கண்ணை மூடிக்கொண்டேன். தூங்கினேன் என்று யாரும் சொல்ல முடியாது. கண்ணை மூடுவது வேறு, தூங்குவது வேறு. கம்ப்ரசர் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டேதான் இருந்தது.

பிறகு சுண்டினேன். இரண்டு வரவில்லை. இழுத்தேன்.

எப்படி இழுத்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாட்ச் வாங்க வந்தவருக்கு அது எதற்கு?

போலீசில் எத்தனை மணிக்கு இறங்கினான் என்று கேட்டார்கள். பத்தேகால் என்றேன். எத்தனை மணிக்கு இழுத்தாய் என்றார்கள். பத்தரை என்றேன். பத்தரை சரியான நேரம், பக்கத்தில் வலை விரித்திருந்த படகுக்காரர்கள் ஓடிவந்தார்கள், அவர்களும் அதையே சொன்னார்கள். பத்தேகால்? கேட்கிறவர்களுக்கு ஒரு நேரம் சொல்ல வேண்டுமே. ஆஸ்பத்திரியில், காற்று திசை மாறி கம்ப்ரசர் புகை குழாயில் கலந்திருக்கும் என்றார் ஒரு டாக்டர். அந்தப் புகை போனால் கீழே இருப்பவனுக்குத் தூக்கம் வந்துவிடுமாம். சீக்கிரம் இழுத்தால் பிழைத்துக்கொள்வானாம். கால் மணி நேரத்துக்குள் இப்படி ஆகியிருக்கிறதே, இதயமும் பலவீனமாக இருந்திருக்க வேண்டும் என்று அவரே சொல்லிக்கொண்டார். இஞ்ஞாசிக்கு இதயம் பலவீனமா? எனக்குத் தெரியாது. டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வாட்சைக் கழற்றி ஒரு கவரில் போட்டு அவன் பெண்சாதி எமல்டாவிடம் கொடுத்தார்கள். அவள் அதைக் கழுவவில்லை, துடைக்கவில்லை, அவன் போட்டோ இருக்கிற கண்ணாடி அலமாரியில் அப்படியே வைத்துவிட்டாள். இது சாவி இல்லாத வாட்ச், கை அசைந்தால் ஓடும், அசையாவிட்டால் நின்றுவிடும். முள் தன்பாட்டுக்கு ஓடி எங்கோ நின்றது, அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஆனால் கடல் தண்ணீர் கழுவாமல் காய்ந்தால் என்ன ஆகும்? உப்பு இறுகிவிடும். வளையத்துக்கு அடியில் உப்பும் மணலும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொண்டது. திருப்பினால் திரும்பாது. வருடக்கணக்கில் அப்படியே இருந்தது.

அந்த வருடங்களில் நான் அவர்களை விட்டுவிடவில்லை. பிரிஸ்காவின் படிப்புக்கு நான்தான் ஓடினேன். அவர்கள் வீட்டுக் குழாய் ஒழுகினால் நான்தான் போவேன். எமல்டா என்னை அத்தான், அத்தான் என்று எவ்வளவு மரியாதையாகக் கூப்பிடுவாள் தெரியுமா? இப்போது அதே வாய்தான்.

போன நினைவு நாளுக்குப் பூசை முடித்துவிட்டு எல்லோரும் அவள் வீட்டில் சாப்பிட்டோம். பிரிஸ்கா அலமாரியைத் திறந்து வாட்சை எடுத்து வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த வளையம் எதற்குப் பெரியப்பா என்று கேட்டாள். எனக்கு யாராவது கேட்டால் போதும். உங்களுக்குச் சொன்ன மாதிரியே பொறுமையாகச் சொன்னேன். முள்ளுக்கு நேரே புள்ளியை வைக்க வேண்டும், அப்புறம் இறங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே விரலை வளையத்தில் வைத்தேன்.

அப்போதுதான் எவ்வளவு அழுக்கு என்று பார்த்தேன். பல்லெல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. நல்ல பொருள், கண் முன்னால் வீணாகிறது. கொடு, புதிதாக்கித் தருகிறேன் என்றேன். எமல்டாவுக்கு எவ்வளவு சந்தோஷம். சுத்தம் பண்ணிக் கொடுங்க அத்தான், பிள்ளை கட்டிக்கிடட்டும் என்று ஒரு கைக்குட்டையில் சுற்றி அவளே என் பையில் வைத்தாள். அவளே வைத்தாள், நான் கேட்டுப் பிடுங்கவில்லை. இதை நீங்கள் நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுவாக உப்புப் பிடித்த பொருளை அவசரப்படாமல் நாள்கணக்கில் ஊறவைப்பேன். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். அன்றைக்கு ஏனோ கை துறுதுறு என்றது. சாயங்காலம் ஊறவைத்தேன், விடிந்ததும் டேப்பை ஒட்டிக் கத்தியை எடுத்துவிட்டேன். லேசில் வரவில்லை. உப்பு அப்படிப் பிடித்திருந்தது. மூன்று சுற்று வந்தேன். வளையம் எழும்பியபோது டக்கென்ற சத்தம் இல்லை, பல் பிடுங்குகிற மாதிரி ஒரு கறுக். அடியில் ஈர மணல். அவ்வளவு வருடத்துக்குப் பிறகும் கடல் வாசனை வந்தது. கொஞ்ச நேரம் மூச்சுவிடக் கஷ்டமாக இருந்தது. ஜன்னலைத் திறந்தேன், சரியாகிவிட்டது.

வளையத்தைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டுக் கையைத் துடைக்கிறேன், படியில் காலடிச் சத்தம். எமல்டா. பின்னாலேயே பிரிஸ்கா. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தான், அதப் பிரிச்சிராதீங்க" என்றாள் எமல்டா, வாசலிலேயே.

"பிரிச்சாச்சேம்மா" என்றேன்.

அவள் மேசையைப் பார்த்தாள். வாட்ச் ஒரு பக்கம், கிண்ணம் ஒரு பக்கம். பிரிஸ்காதான் பேசினாள். அந்தப் பிள்ளைக்கு எப்போதும் கணக்கில் மூளை. நீங்கள் சொன்னதை வீட்டுக்குப் போய் யோசித்தேன் பெரியப்பா, அப்பா கடைசியாக இறங்கின நேரம் அதில் இருந்திருக்கும் என்றாள். பத்தேகாலுக்கு இறங்கினார் என்றால் நீள முள் மூன்றில் இருந்திருக்கும், புள்ளியும் மூன்றில் நிற்க வேண்டும். மூன்றில் நிற்கவில்லை, அது மட்டும் எனக்கு நிச்சயம், கீழ்ப்பக்கமாக எங்கோ இருந்தது, எந்த எண் என்றுதான் ஞாபகம் இல்லை என்றாள். நீங்கள் போட்டோ எடுத்திருப்பீர்களே, காட்டுங்கள் என்று கையை நீட்டினாள்.

அன்றைக்குப் பார்த்து போனில் சார்ஜ் இல்லை. எல்லோருக்கும் நடப்பதுதானே. அதைச் சொன்னேன். போன் மேசையில்தான் இருந்தது, யாரோ கூப்பிட்டு மணி வேறு அடித்தது. அதற்கு நான் என்ன செய்ய? கொஞ்சம் சார்ஜ் மிச்சம் இருந்திருக்கிறது.

எமல்டா மணி அடித்து ஓயும்வரை போனையே பார்த்தாள். பிறகு, "பரவால்ல. நீங்க பாத்திருப்பீங்கல்ல. எங்க இருந்துச்சு அத்தான்?" என்றாள்.

கவனிக்கவில்லை என்றேன். அழுக்கைத்தான் பார்த்தேன், புள்ளியைப் பார்க்கவில்லை என்றேன். இரண்டு பேரும் அப்படியே நின்றால் நானும் எவ்வளவு நேரம் சும்மா இருப்பது? விஷயம் தெரியாமல் மனதைக் குழப்பிக்கொள்கிறார்களே என்று விளக்கிச் சொன்னேன். இதோ பாரும்மா, வளையம் எங்கே நின்றது என்பதில் ஒன்றும் இல்லை. அவனைத் தூக்கும்போது படகின் ஓரத்தில் கை இடிபட்டிருக்கும். இடிபட்டால் வளையம் இடப்பக்கமாக நகரும். மூன்றில் வைத்த புள்ளி எட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்றேன்.

"எட்டா?" என்றாள் எமல்டா.

அவ்வளவுதான். அதைப் பிடித்துக்கொண்டாள். எட்டு என்பது ஒரு பேச்சுக்குச் சொன்னது. ஏழு என்றிருக்கலாம், ஒன்பது என்றிருக்கலாம். வாயில் ஏதோ ஒரு எண் வரத்தானே வேண்டும்? நீங்களே சொல்லுங்கள், ஒரு எண் சொல்லுங்கள் என்று உங்களிடம் கேட்டால் நீங்கள் ஒன்று சொல்வீர்களா மாட்டீர்களா?

பிரிஸ்கா மெதுவாக, எட்டு என்றால் நாற்பது நிமிடம், ஒன்பது நாற்பது அம்மா என்றாள். ஒன்பது நாற்பதிலிருந்து பத்தரை வரைக்கும் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். கழித்துச் சொல்லவில்லை. கழிக்கத் தெரியாத பிள்ளை இல்லை அது.

எமல்டா அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன். அழவில்லை. அந்த ஆட்டம் போடுகிற நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு தடவையாவது சுண்டுனீங்களா, அத்தான்? ஒரே ஒரு தடவை?"

கிண்ணத்தில் ஸ்பிரிங் கிடந்தது. அது அதிக நேரம் தண்ணீரில் கிடந்தால் துருப்பிடித்துவிடும். எடுத்துத் துணியில் ஒற்றினேன். ஊதிக் காயவைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது அவர்கள் இல்லை. சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டார்கள்.

நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஒப்புக்கொண்ட வேலையை முடித்தேன். பல் பல்லாகப் பல்குச்சியால் குத்தி எடுத்தேன். ஸ்பிரிங்கை அதன் குழியில் உட்காரவைத்தேன். துளி கிரீஸ் தடவினேன். வளையத்தை மேலே வைத்து, துணியைப் போட்டு இரண்டு கட்டை விரலாலும் அமுக்கினேன். டக். முதல் சுற்றிலேயே கிட் கிட் என்று என்ன அழகாகத் திரும்பியது தெரியுமா. கண்ணாடியைத் தேய்த்தேன், புது வார் போட்டேன். கொண்டுபோய்க் கொடுத்தேன்.

எமல்டா கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றாள். வாட்சைக் கையில் வாங்கவில்லை. எட்டிப் பார்த்தாள். நான் புள்ளியை ஒழுங்காகப் பன்னிரண்டில் வைத்திருந்தேன்.

"நல்லா புதுசா இருக்கு. நீங்களே கட்டிக்கிடுங்க அத்தான். நேரம் பாக்க ஒதவும்."

பாருங்கள். இவ்வளவு உழைத்தவனிடம் சொல்கிற பேச்சா அது? இப்போது கோயிலில் என்னைக் கண்டால் பெஞ்சு மாறி உட்காருகிறாள். ஒழுகுகிற குழாய்க்கு வேறு ஆளைக் கூப்பிடுகிறார்களாம். ஒரு வாட்சைச் சுத்தம் செய்ததற்கு. கெடுத்தா கொடுத்தேன்?

சரி, கட்டிக்கொள் என்றாள், கட்டிக்கொண்டேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. மறுநாள் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது பார்க்கிறேன், புள்ளி எட்டில் இருக்கிறது. எங்காவது உரசியிருக்கும் என்று பன்னிரண்டுக்குத் திருப்பினேன். சாயங்காலம் கோயிலில் பிரசங்கம் நடக்கிறது, குனிந்து பார்க்கிறேன், எட்டு. ஏழரையில் இல்லை, எட்டரையில் இல்லை. கோடு போட்ட மாதிரி எட்டு.

எதற்கும் ஒரு காரணம் இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் என்று திரும்பக் கழற்றினேன். ஸ்பிரிங்கை லேசாக வளைத்து இறுக்கம் கூட்டினேன். மாட்டினேன். எட்டு. புது ஸ்பிரிங் வரவழைத்துப் போட்டேன். எட்டு. கிரீஸ் அதிகமோ என்று துடைத்துவிட்டு மாட்டினேன். அதற்கும் எட்டுதான். எத்தனை தடவை கழற்றினேன் என்று எனக்கே கணக்கில்லை. கத்தி அதன்பாட்டுக்கு இடைவெளியைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு ஆகிவிட்டது.

இதில் இன்னொரு தொல்லை. வளையம் ஒரு பக்கம்தான் திரும்பும் என்று சொன்னேன் அல்லவா? பன்னிரண்டிலிருந்து எட்டுக்கு வருவது சின்ன தூரம், பதினொன்று, பத்து, ஒன்பது, வந்துவிடும். ஆனால் எட்டிலிருந்து பன்னிரண்டுக்குத் திரும்பப் போக வேண்டும் என்றால் அப்படியே பின்னால் தள்ள முடியாது. ஏழு, ஆறு, ஐந்து என்று அடிப்பக்கம் முழுக்கச் சுற்றி வர வேண்டும். மூன்றைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும் மூன்றைத் தாண்டும்போது என் விரல் நின்றுவிடுகிறது. அங்கேயே விட்டுவிடலாமா என்று தோன்றும். விட்டும் பார்த்தேன். மூன்றிலும் நிற்கவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வாட்ச் கட்டியிருக்கிற கையில் சில சமயம் இழுக்கிற மாதிரி இருக்கிறது. நரம்புதான். டாக்டரிடம் காட்டினேன், வயது என்றார், மாத்திரை கொடுத்தார். சாப்பிடுகிறேன். ஆனால் நரம்பு என்றால் கண்டபடி இழுக்க வேண்டும், இல்லையா? இது இரண்டு. சுண்டு, ஒரு நொடி விட்டு இன்னொரு சுண்டு. அப்புறம் ஒன்றும் இல்லை. நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். நான் கேட்கவே இல்லையே. கேட்காத கேள்விக்கு நாள் முழுக்கப் பதில் வந்துகொண்டிருந்தால் மனிதன் என்ன செய்வான்?

கழற்றி மேசையில் வைத்தால் வெறும் கையில் இழுக்கிறது. அதனால்தான் வீட்டிலேயே இருக்கக் கூடாது என்று விளம்பரம் போட்டேன். வேறு கைக்குப் போய்விட்டால் சரியாகிவிடும். எனக்கு விலை பெரிதில்லை, உங்களுக்கு நியாயமாகப் பட்டதைக் கொடுங்கள். இயந்திரம் அருமையானது. வளையத்தை நீங்கள் திருப்பினால்தான் திரும்பும், நீங்கள் இங்கே வந்ததிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள். கையில் கட்டியிருக்கிறீர்கள், நன்றாகவும் இருக்கிறது உங்கள் கைக்கு.

எமல்டா வீடா? பக்கம்தான். கீழே இறங்கி இடப்பக்கம் திரும்பினால் ஐஸ் கம்பெனி வரும். அதைத் தாண்டி இரண்டாவது சந்து. நீலக் கேட். கேட்டுக்கு மேலே மல்லிகை படர்ந்திருக்கும். அந்தப் பந்தல் நான் போட்டுக்கொடுத்ததுதான்.

ஏன் கேட்கிறீர்கள்?

அவளிடம் காட்டிவிட்டுத்தான் வாங்குவேன் என்கிறீர்களா? எதற்கு? அவள்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே. போய் என்ன சொல்வீர்கள்? நான் ஏதோ சொன்னேன் என்று சொல்வீர்களா? நான் உங்களிடம் என்ன சொன்னேன்? ஒரு வளையத்தை எப்படிக் கழற்றுவது என்று சொன்னேன். நீங்கள் கேட்டீர்கள், நான் சொன்னேன். வேறு ஏதாவது சொன்னேனா?

இல்லை, நான் தடுக்கவில்லை. உங்கள் இஷ்டம். தாராளமாகக் காட்டுங்கள். புள்ளி பன்னிரண்டில் இருக்கிற ஒரு பழைய வாட்ச், அதில் அவளுக்கு என்ன இருக்கிறது? ஒரு தடவை பார்ப்பாள், திருப்பிக் கொடுத்துவிடுவாள். நீங்கள் அப்படியே பஸ் ஏறலாம். எதற்கும் கையைக் கொஞ்சம் நீட்டுங்கள். சரியாகப் பன்னிரண்டில் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். கோணலாக இருந்தால் வேலை தெரியாதவன் செய்தது மாதிரி இருக்கும்.

நீங்கள் திருப்பினீர்களா?

ஜன்னல் கம்பியில் இடித்திருப்பீர்கள். பேசிக்கொண்டே இருந்தோம், கவனித்திருக்க மாட்டீர்கள். இல்லையா? கை மடியிலேயே இருந்ததா?

ம்.

இருங்கள், ஒரு நிமிடம். விரலை வைத்தால் போதும், சுற்றிக் கொண்டுவந்துவிடுவேன். ஏழு, ஆறு, ஐந்து. ஒரு நிமிடம்கூட ஆகாது.

இல்லை. வேண்டாம்.

நான் தொடவில்லை. கையை எடுத்துக்கொண்டேன், பாருங்கள். நீங்களும் தொடாதீர்கள். பையில் போட வேண்டாம், உரசும். கையிலேயே இருக்கட்டும். இந்த நேரத்துக்கு எமல்டா வீட்டில்தான் இருப்பாள். கேட்டைத் தட்டினால் பிரிஸ்கா வருவாள். அந்தப் பிள்ளையிடம் கையை நீட்டினால் போதும், நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

மாடிப்படி குறுகல். சுவரில் கை இடிக்காமல் மெதுவாக இறங்குங்கள்.